கம்பஸ் போக முதலே மகன் குடிக்கத் தொடங்கிவிட்டான்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். மகனுக்கு 19 வயது, உயர்தரம் எழுதிவிட்டு கம்பஸ் அனுமதிக்காகக் காத்திருக்கிறான். போன சனி இரவு கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தவன், சைக்கிளைச் சுவரில் சாத்தத் தெரியாமல் மூன்று தரம் விழுத்தினான். வாயில் ஏலக்காய், அதையும் மீறி பியர் மணம்.

"கம்பஸில எப்படியும் பழகத்தான் போறான், வீட்டில என்னோட அளவா குடிக்கட்டும்" என்கிறார் இவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே கூடாது, நாங்களே ஊற்றிக் கொடுப்பதா? எங்கள் ஒழுங்கையிலேயே கசிப்பால், அதுதான் கள்ளச் சாராயத்தால், சிதைந்த வீடுகள் இருக்கு. அடித்தால் ஒளித்துக் குடிப்பான் என்றும் பயம்.

பிள்ளைகளை கம்பஸ் அனுப்பிய அம்மாமார், அப்பாமார், இந்தக் கதையை அவர்களோடு எப்படித் தொடங்கினீர்கள்? இவருக்கு நான் என்ன சொல்ல?