அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு: கேவிட்டேஷன் எல்லை எது?

ஓட்டமானி:
வால்வுக்கு முன்னே 9 பார், பின்னே 2 பார், இரண்டும் கேஜ் அளவு. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர். அழுத்த மீட்புக் காரணி (இடுக்கில் தாழ்ந்த அழுத்தம் பின்னே எவ்வளவு மீள்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.9 உள்ள குளோப் வால்வு. வளிமண்டலத்தையும் சேர்த்துத் தனியழுத்தமாக்கினால் 10, 3 என வரும். காரணியின் வர்க்கம் 0.81 என்பதால் ஓட்டம் நெரிபடும் எல்லை ஏறக்குறைய 8.1 பார். நம் அழுத்த வீழ்ச்சி 7 பார்தான். கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் தாழ்ந்து தோன்றும் ஆவிக்குமிழிகள் நொறுங்கி உலோகத்தை அரிக்கும் அச்சம், இல்லாதபோது வீழ்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் பலபடி உள்ளமைப்பு கேட்பது வீண் செலவு.

கூழாங்கல்:
கணக்கில் பிழையில்லை, அது விடை சொல்லும் கேள்விதான் வேறு. 8.1 என்பது, பின்னழுத்தத்தை மேலும் குறைத்தாலும் ஓட்டம் கூடாத நிலை. இருக்கையை ஒட்டிய இடுக்கில் உருவாகும் சிறு சுழிகளின் மையத்தில் அழுத்தம் சராசரியைவிடத் தாழ்ந்திருப்பதால், 0.023 பார் என்ற ஆவியழுத்தம் அங்கே முன்னதாகவே எட்டப்பட்டுக் குமிழிகள் தோன்றிவிடுகின்றன. முன்னழுத்தத்திலிருந்து ஆவியழுத்தத்தைக் கழித்து வீழ்ச்சியால் வகுத்தால் சிக்மா 1.43; இது குறையக் குறையக் கேவிட்டேஷன் கடுமையாகும். கேவிட்டேஷன் தொடங்குவதாகத் தயாரிப்பாளர் சோதனையில் கண்ட சிக்மாவோடு இதை ஒப்பிட்டீர்களா?

ஓட்டமானி:
அந்த எண்ணை எல்லோரும் தருவதில்லை. தந்தாலும், லேசான சலசலப்பு தொடங்கும் இடத்தையே எல்லையாகக் கொண்டால் ஒரு வால்வையும் தேர்ந்தெடுக்க முடியாது. தொடக்கம் வேறு, சேதம் வேறு.

கூழாங்கல்:
ஏற்கிறேன். ஆனால் உங்கள் 9 பார் எந்த ஓட்டத்தில் அளந்தது? தேவை குறையும் இரவில் குழாயின் உராய்வு இழப்பும் குறைந்து முன்னழுத்தம் ஏறும். கேஜ் அளவில் 10 பாருக்கு ஏறினால் சிக்மா 1.37 ஆகிவிடும், அதுவும் வால்வு மயிரிழை திறந்திருக்கும் நேரத்தில். உச்ச ஓட்டத்துக்கு மட்டும் கணக்கிட்ட ஒரு வால்வை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன்: அடைப்பானின் விளிம்பு கடற்பஞ்சு போலச் சொரசொரத்திருந்தது. நிலையாவியாதல் (குமிழிகள் நொறுங்காமல் ஆவியாகவே வெளியேறுவது) என்றால் அது வழவழப்பாகத் தேய்ந்திருக்கும்.

ஓட்டமானி:
அப்படியானால் இரண்டு வால்வுகளைத் தொடராக வைத்து, வீழ்ச்சியை 3.5 பார் வீதம் பகிர்ந்துவிடலாமே?

கூழாங்கல்:
தொடர் சரி, சமபங்கு சரியில்லை. இடையழுத்தம் 6.5 என்றால் முதலாவதற்குச் சிக்மா 2.85, இரண்டாவதற்கு 1.85, சுமை பின்னதன்மேல் விழுகிறது. இடையழுத்தத்தைத் தனியழுத்தம் 5.5 என்று வையுங்கள், இரண்டுக்கும் ஏறக்குறைய 2.2 கிடைக்கும்.

ஓட்டமானி:
5.5 பொருந்துகிறது. இரண்டாவது வால்வு தேவையா என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரவு முன்னழுத்தத்தை அளந்த பிறகு பேசுகிறேன்.