"யாரிட்டயும் சொல்ல மாட்டியளா அக்கா?"

சமூகப்பணி முடித்த தங்கை ஒருத்தி, குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைத் தடுப்பது பற்றி ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாள். என் முதல் களப்பணியைச் சொல்கிறேன்.

குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தோம். பெற்றோர் கையெழுத்து, பிள்ளைகளின் சம்மதம் இரண்டும் வாங்கியாகிவிட்டது. 'நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும்' என்று படிவத்தில் ஒரு வரி. ஒரு பிள்ளை அந்த வரியில் விரலை வைத்து, "யாரிட்டயும் சொல்ல மாட்டியளா அக்கா?" என்று கேட்டது. சொல்ல மாட்டேன் என்று நான் வாயெடுப்பதற்குள், கூட வந்த மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "மக்ளே, உன்னை யாராவது தப்பாத் தொட்டாங்கன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும். அதை முதல்லயே உனக்குச் சொல்லிடணும்" என்றார். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் புகார் சொல்லியாக வேண்டும் என்கிற 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆராய்ச்சியாளரையும் விடுவதில்லை.

பிள்ளை அந்தப் பக்கத்தை எழுதாமலே கொடுத்தது. மறுநாள் அந்த அக்காவைத் தேடி வந்தது. அதற்கு மேல் நடந்தது அந்தப் பிள்ளையின் விஷயம், இங்கே எழுத மாட்டேன். படிவத்தை மாற்றி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி அனுப்பியதில் இரண்டு மாதம் போனது. போகட்டும்.

2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். எவ்வளவு நடக்கிறது என்று எண்ணுவது ஒரு வேலை, எது தடுக்கிறது என்று அளப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத்தான் ஆள் வேண்டும். சமூகப்பணி, உளவியல், செவிலியம், சட்டம், எதிலிருந்தும் வரலாம். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

குலசேகரத்திலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர்:

எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணின் படிவத்தில், 'குழந்தை பெரியவர் துணையின்றி விடப்பட்டதா?' என்று ஒரு கேள்வி. பால்வெட்டு வீடு எல்லாவற்றிலும் 'ஆம்'! எனக்குக் கோபமே வந்துவிட்டது. கஞ்சி வைத்து மூடிவிட்டு, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போகிற அம்மாவைப் புறக்கணிப்பவள் என்று எழுதலாமா? அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். 'அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று இன்னொரு கேள்வி சேர்த்துத் திரும்பவும் வந்தாள். ஆச்சி, மாமி, பெரியம்மா என்று பெயர்கள் வந்தன. ஒரே ஒரு வீட்டில் யார் பெயரும் வரவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம்.

கேள்வி கேட்ட தங்கை:

அந்த வீட்டுக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது அக்கா?

செவிலியர்:

ராத்திரி அத்தை வீட்டில் படுத்துக்கொள்கிறான். நேற்றும் பார்த்தேன்.