கதவு ஒடுக்கு: நடு வெளியே வந்தது, ஓரத்தில் மேடு நிற்கிறது

புதுவண்டி: காரின் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. பெயிண்ட் எங்கும் விடவில்லை. வீடியோவில் பார்த்தபடி கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன், அசையவே இல்லை. அப்புறம் சக்‌ஷன் கப் வைத்து இழுத்ததும் 'டப்'பென்று நடுப்பகுதி வெளியே வந்தது. ஆனால் மேல் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு மேடு நிற்கிறது, தடவினால் விரலில் தட்டுகிறது. இன்னும் பலமாக இழுக்கலாமா? ஹேர் டிரையரால் சூடாக்கி உடனே குளிர்ந்த ஸ்ப்ரே அடித்தால் போய்விடும் என்கிறார்களே?

டிங்கர்கை: இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். வெந்நீர் வைத்தியம் பிளாஸ்டிக் பம்பருக்குத்தான். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பின்னாலிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இரும்புத் தகடு அந்தச் சூட்டுக்கெல்லாம் மசியாது. சூடு, குளிர் விளையாட்டும் வேண்டாம். தகடு நகராது, பெயிண்டின் மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்தான் வெடிக்கும்.

தகடு உள்ளே போகும்போது ஓரம் மேலே பிதுங்கும். அந்த மேடுதான் மிச்சப் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. அதை இறக்காமல் நடுவை இழுத்தால் நடுவிலும் ஒரு மொட்டு கிளம்பும். மொண்ணை முனையுள்ள நைலான் குச்சியை மேட்டின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரு தட்டு, ஒரு பார்வை. கண்ணால் நேராகப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். டியூப் லைட்டின் பிம்பம் கதவில் விழும்படி நின்று, அந்தக் கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள். பெயிண்ட் குளிர்ந்திருந்தால் விரிசல் விடும், கை பொறுக்கும் அளவுக்குத் தகட்டைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பழையஇரும்பு: அதற்கு முன்னால், மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட இங்கே பிடி குறைந்தால் பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டிருக்கிறார்கள், தட்டினால் பெயர்ந்து வரும். எங்குமே ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் அலுமினியம், அதில் கைவைக்காதீர்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கில் கம்பியை விட்டு உள்ளிருந்து நெம்பலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஒடுக்கு அப்படியே இருந்தது, கண்ணாடிதான் போனது.

புதுவண்டி: காந்தம் நன்றாக ஒட்டியது. அரை மணி நேரம் தட்டினேன், மேடு இறங்கிவிட்டது. அப்புறம் சக்‌ஷன் கப்பை மறுபடி லேசாக வைத்ததும் மிச்சப் பள்ளமும் எழும்பியது! கதவின் மடிப்புக் கோட்டில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு ஒரு மடங்கல் நிற்கிறது.

டிங்கர்கை: அதை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் தகடு நீண்டுவிட்டது. கப் அதைப் பிடிக்காது, தட்டினால் கோடே கோணலாகும். கண்ணை உறுத்தினால் பெயிண்ட் போகாமல் ஒடுக்கு எடுப்பவரிடம் காட்டுங்கள். மேட்டை இறக்கியாகிவிட்டதால் அவருக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது.