மறுமொழி: லஹாருக்குத் தமிழ்ச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம். எரிமலைச் சாம்பலும் கல்லும் நீரோடு கலந்து பாய்ந்து வரும் சேற்றுவெள்ளமான லஹாருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> "எரிமலைச் சேற்றுக்குழம்பு" போதும் என நினைக்கிறேன்.

ஐயா, எனக்கு உறுத்துவது 'குழம்பு'தான். தீக்குழம்பு, எரிமலைக்குழம்பு என்று அதை லாவாவுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். சேற்றுக்குழம்பு என்றதும் மலைச்சரிவில் மெல்ல வழியும் ஏதோ ஒன்றுதான் மனத்தில் வருகிறது. லஹார் அப்படி வருவதில்லை. கலந்து வைத்த கான்கிரீட்டின் கனத்தோடு, பாறையையும் மரத்தையும் பாலத்தையும் அடித்துக்கொண்டு, ஆற்றுவழியே பல மைல் தள்ளியிருக்கும் ஊருக்குள் புகுகிறது.

கொலம்பியாவின் ஆர்மெரோ நகரை நினைத்துப் பாருங்கள். நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து 1845-இல் இறங்கிய சேறு ஏறத்தாழ 1,000 பேரைக் கொன்றது. அந்தச் சேறு காய்ந்து நல்ல விளைநிலம் ஆயிற்று. நகரம் அதன்மேலேயே எழுந்தது. 140 ஆண்டுகள் கழித்து அதைக் கண்ணால் கண்டவர் யார் இருப்பார்? 1985 அக்டோபரில் வெளிவந்த அபாய வரைபடம், ஆர்மெரோ சேற்றின் பாதையில் இருப்பதைக் காட்டியது. நவம்பர் 13 மாலை ஊரில் சாம்பல் விழுந்தது. அமைதியாக இருங்கள் என்று வானொலியிலும் தேவாலயத்திலும் சொன்னார்கள். இரவு 9 மணிக்குப் பிறகு மலை வெடித்தது. உச்சியிலிருந்த பனியில் சிறு பகுதிதான் உருகியது. அந்த நீர் பள்ளத்தாக்குகளில் இறங்க இறங்க மண்ணையும் கல்லையும் வாரிச் சேர்த்துப் பல மடங்கு பெருத்து, லகுனில்லா ஆற்றின் வழியே ஆர்மெரோவை அடைந்தபோது மணி சுமார் 11.30. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மேட்டு நிலமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. அந்த ஊரில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

எரிமலை என்றால் நெருப்பு என்றே பழகியவர்களுக்கு, ஆற்றில் வரப்போகும் சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லைக் கேட்டதுமே கால் மேட்டை நோக்கித் திரும்ப வேண்டும். அதனால் என் பரிந்துரை: சேற்றுக்காட்டாறு. மேலே எங்கோ பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே திடீரென்று வந்து ஆளை அடித்துப் போகும் என்பது 'காட்டாறு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. காட்டாறு வருகிறது என்றால் என்ன செய்வது என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

> லஹார் என்றே எழுதலாமே, உலகமே அப்படித்தான் சொல்கிறது.

அக்கா, ஆய்வுக் கட்டுரையில் அப்படியே இருக்கட்டும். அது ஜாவா மக்களின் சொந்தச் சொல், அங்கே சின்னப் பிள்ளைக்கும் புரியும். நம் பள்ளி மாணவருக்கும் அதே அளவு புரிகிற சொல் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

—

தம்பி, 'குழம்பு' பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். சொல் நாவிலும் நன்றாக உருள்கிறது. ஆனால் 2024-இல் வயநாட்டில் வந்ததையும் நாளை யாராவது சேற்றுக்காட்டாறு என்று எழுதுவார்களே? அங்கே எரிமலை ஏது? வெடிப்பைக் குறிக்கும் ஓர் அடைமொழி கட்டாயம் வேண்டும்.

—

ஐயா, 'எரிமலை' என்ற அடைமொழிக்குச் சம்மதம். 'வெடிப்பு' வேண்டவே வேண்டாம்.

பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு 1991 ஜூன் 15 அன்று பெரிதாக வெடித்தது. முன்கூட்டியே பல்லாயிரம் பேரை வெளியேற்றியதால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. மலை ஓய்ந்தது, ஆனால் சரிவெங்கும் குவிந்த சாம்பலை மழைக்காலம்தோறும் வெள்ளம் கரைத்துக் கொண்டுவந்தது. பகோலோர் ஊரின் பழைய தேவாலயம் 1995-இல் பாதி உயரத்துக்குப் புதைந்துபோனது, வெடிப்பு முடிந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு! அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையடியில் ஓர்ட்டிங் என்றொரு சிற்றூர் உண்டு. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வந்த சேற்றின்மேல் அமைந்த ஊர். அந்தச் சேற்றோடு தொடர்புடைய வெடிப்பு எதுவும் அறியப்படவில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்துபோய் ஒத்திகை பார்க்கிறார்கள். பெயரில் வெடிப்பைச் சேர்த்தால், வெடித்தால்தானே ஓட வேண்டும் என்று ஆகிவிடும்.

வயநாட்டு நிகழ்வுக்கு 'நிலச்சரிவுச் சேற்றோட்டம்' என்று தனி உள்ளீடு போடலாம். சொல்தொகுதிக்கு என் வரைவு இது. நிலவியல் படித்தவர்கள் திருத்தித் தாருங்கள்:

எரிமலைச் சேற்றுக்காட்டாறு: எரிமலைச் சாம்பலும் பாறையும் நீரோடு கலந்து ஆற்றுவழியே விரைந்து இறங்கும் பெருக்கு. பனி உருகியோ, மழையாலோ, மலைச்சரிவு இடிந்தோ வரலாம். மலை வெடிக்காதபோதும் வரலாம். எச்சரிக்கைப் பலகையில் 'சேற்றுக்காட்டாறு' என்று சுருக்கி எழுதலாம். பிற வடிவங்கள்: சேற்றுக்காட்டாற்று எச்சரிக்கை, சேற்றுக்காட்டாற்றுப் பாதை.