ஒயின் ஆலைக் கழிவுநீர்: ஃபென்டனை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

நாசிக்வாசி
நாசிக் பக்கம் ஒரு சின்ன ஒயின் ஆலையின் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இப்போது என் தலையில். மற்ற மாதங்களில் பிரச்சனை இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, திராட்சை நசுக்கும் சமயத்தில்தான் நாளுக்கு 20 கன மீட்டர் வருகிறது, சி.ஓ.டி. (கழிவை வேதியியலாக எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 6000 மில்லிகிராம், பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு) 4. ஏரேஷன் டேங்க் (காற்றடித்துப் பாக்டீரியாவால் சுத்தம் செய்யும் தொட்டி) சி.ஓ.டி.யை 300 வரை இறக்குகிறது, அதற்குக் கீழே அசைய மாட்டேன் என்கிறது, பழுப்பு நிறமும் போகவில்லை. எங்களுக்கு வரம்பு 250. ஒரு கம்பெனிக்காரர் வந்து, தண்ணீர்தான் ஏற்கெனவே அமிலமாக இருக்கிறதே, ஃபென்டனை (ஃபெரஸ் சல்பேட் மாதிரி இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து அமிலத் தண்ணீரில் கழிவை எரிக்கும் முறை) முதலிலேயே வைத்துவிட்டால் அமிலச் செலவு மிச்சம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பலாமா?

சேறுசாமி
அமிலம் மிச்சம், சரி. பெராக்சைடு செலவைச் சொன்னாரா? 1 கிலோ சி.ஓ.டி.யை முழுசாக எரிக்கக் கணக்குப்படி 2.1 கிலோ பெராக்சைடு வேண்டும். உங்களுக்கு நாளுக்கு 120 கிலோ சி.ஓ.டி. வருகிறது, அப்படியென்றால் 50 சதவீதக் கரைசலில் 500 கிலோவுக்கு மேல் ஊற்ற வேண்டும்! அதையே ஏரேஷனுக்குப் பின்னால் வைத்தால் மிச்சம் 6 கிலோதான், 25 கிலோ கரைசலில் கதை முடியும். உங்கள் தண்ணீரில் பெரும்பகுதி ஆல்கஹாலும் சர்க்கரையும் டார்டாரிக் அமிலமும், அதைப் பாக்டீரியா காற்றுச் செலவோடு தின்றுவிடும், அதற்குப் போய் யாராவது பெராக்சைடைக் கொட்டுவார்களா? பாக்டீரியா தொடாமல் விடும் பாலிபீனாலுக்கும் (திராட்சைத் தோல், விதையின் துவர்ப்புப் பொருள்) நிறத்துக்கும்தான் ஃபென்டன்.

பின்னால் வைத்தால் பி.ஹெச். 3-க்கு இறக்க அமிலம் வாங்கத்தான் வேண்டும், ஆனால் அது சில்லறை. ஃபெரஸ் சல்பேட்டைக் கலக்கிவிட்டுப் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கழிவை எரிக்க உண்டாகிற ஹைட்ராக்சில் ரேடிக்கலை அந்தப் பெராக்சைடே காலி செய்துவிடும். கடைசியில் சுண்ணாம்பு போட்டு 8-க்கு ஏற்றினால் இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாக இறங்கும், அதை அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கண்மணி_சுற்றுச்சூழல்
பெரும்பாலும் சேறுசாமி அண்ணா சொல்வதுதான். ஆனால் முன்னால் வைக்கவே கூடாது என்றில்லை. சிவப்பு ஒயின் தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைக் கழுவி விடும் தண்ணீரில் பாலிபீனால் ரொம்ப அதிகம், பாக்டீரியாவையே முடக்கிப் போடும். அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் பிரித்துக் குறைந்த பெராக்சைடில் பெரிய மூலக்கூறுகளை உடைத்து, மிச்சப் பெராக்சைடு இல்லை என்று பார்த்துவிட்டு ஏரேஷனுக்கு விடலாம். வண்டலைச் சாக்கடைக்கே விடாமல் பிழிந்து உரக்குழியில் போடுவது இதைவிட நல்லது என்பது வேறு விஷயம். வெயிலில் ஃபென்டன் செய்தால் இரும்பும் குறைவாகப் போதும். ஸ்பெயினில் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில் ஒயின் ஆலைக் கழிவுநீரையே வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள், நாசிக் மார்ச் வெயிலுக்கு என்ன குறை.

ஒன்று கேட்கிறேன், அந்த 300-ல் பி.ஓ.டி. (பாக்டீரியா தின்னக்கூடிய கழிவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு? பாக்டீரியாவுக்குச் சத்தாக யூரியா, டி.ஏ.பி. உரம் போடுகிறீர்களா?

நாசிக்வாசி
பி.ஓ.டி. 90. யூரியா எதுவும் போடுவதில்லை. ஏரேஷன் டேங்க் தண்ணீரை ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் வைத்தால் சேறு (பாக்டீரியாக் கூட்டம்) 800 மில்லியிலேயே நிற்கிறது, பஞ்சு மாதிரி.

கண்மணி_சுற்றுச்சூழல்
அப்படிச் சொல்லுங்க! 90 என்றால் பாக்டீரியா வேலையே இன்னும் முடியவில்லை. திராட்சைத் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பற்றாது, அதனால்தான் நூல் பாக்டீரியா பெருத்துச் சேறு இறங்க மாட்டேன் என்கிறது. பி.ஓ.டி. 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். நாளுக்கு பி.ஓ.டி. 70 கிலோ என்று வைத்தால் யூரியா 6 கிலோ, டி.ஏ.பி. மூன்றரை கிலோ வரும். பாதியில் ஆரம்பித்து, வெளியேறும் தண்ணீரில் அமோனியா துளியாவது மிஞ்சுகிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். தொட்டி கழுவுகிற காஸ்டிக் தண்ணீர் மொத்தமாக வந்து பி.ஹெச்.சைத் தூக்கியடிக்காமல் ஈக்வலைசேஷன் டேங்கில் (வருகிற தண்ணீரைச் சேர்த்துச் சமப்படுத்தும் முதல் தொட்டி) பிடித்து வையுங்கள். சேறு ஒழுங்காக இறங்க ஆரம்பித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ, அதற்கு மட்டும் ஃபென்டன் ஜார் டெஸ்ட் (ஜாடியில் சின்ன அளவில் செய்து பார்ப்பது) போதும்.

சேறுசாமி
ஆமாம், முதலில் யூரியா. ஜார் டெஸ்ட் செய்யும்போது மட்டும் ஒன்று: மிச்சமிருக்கும் பெராக்சைடு, சி.ஓ.டி. சோதனையில் போடும் டைகுரோமேட்டோடு சேர்ந்து சி.ஓ.டி.யைக் கூட்டிக் காட்டும், ஃபென்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இன்னும் பெராக்சைடு ஊற்றுவார்கள். லேபுக்கு அனுப்பும் முன் பெராக்சைடு ஸ்ட்ரிப்பை ஒரு தடவை நனைத்துப் பாருங்கள்.