எலும்பு மஜ்ஜையில் நோய் இல்லாதபோதும் ரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபி ஏன்?

கேள்வி:
வணக்கம். ஏழு வயதான என் அக்கா மகனுக்கு வலது கண் பிதுங்கத் தொடங்கியதால், கண்குழியில் இருந்த கட்டியிலிருந்து பயாப்சி எடுத்தார்கள். முதல் அறிக்கை லிம்போமா (நிணநீர் அணுக்களின் புற்றுநோய்) என்றது. அதே திசுவை வேறோர் ஆய்வகம் பார்த்து மைலாய்டு சர்கோமா என்று எழுதியிருக்கிறது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருக்கிறது, எலும்பு மஜ்ஜையிலும் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் அதிகமில்லை. ஆனாலும் அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபியை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஆகாதா என்று அத்தான் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ரத்தவியல் மருத்துவர்):
காத்திருப்பதில்தான் ஆபத்து. கட்டி கண்ணருகே இருந்தாலும், மஜ்ஜையில் முதிர்ந்திருக்க வேண்டிய மைலாய்டு முன்னணுக்களே அங்கே திரண்டு வளர்ந்திருக்கின்றன. மைலாய்டு சர்கோமா எனும் இந்தக் கட்டி லுகேமியாவுடன் சேர்ந்தும் வரும், சிகிச்சைக்குப் பின் நோய் மீளும்போதும் வரும், சில நேரம் மஜ்ஜையை முந்திக்கொண்டும் வரும். அப்படி முந்தி வந்த கட்டியை அறுவையோடும் கதிர்வீச்சோடும் விட்டுவிட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலோ ஓராண்டை ஒட்டியோ லுகேமியா வெளிப்பட்டிருக்கிறது. அதனால்தான் சைட்டாரபினும் டானோரூபிசின் போன்ற மருந்தும் சேர்ந்த சிகிச்சையைத் தொடக்கத்திலேயே கொடுக்கிறோம். முதுகுத் தண்டையோ பார்வை நரம்பையோ கட்டி நெருக்கும்போது கதிர்வீச்சு துணைக்கு வரும். அது கீமோதெரபிக்கு மாற்று ஆகாது.

கண்குழிக் கட்டி உள்ள குழந்தைகளிடம் 8, 21 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட வகை அடிக்கடி காணப்படுகிறது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை அது என்பதால், கட்டித் திசுவிலேயே குரோமோசோம் மாற்றத்தைக் கண்டறியும் ஃபிஷ் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். முதுகுத் தண்டுவட நீரையும் பரிசோதிக்க வேண்டும்.

பதில் (நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவர்):
முதல் அறிக்கை மாறியதால் மட்டும் அந்த ஆய்வகத்தைக் குறைசொல்லத் தோன்றவில்லை. சாதாரண சாயத்தில் இவ்வணுக்கள் லிம்போமா அணுக்களைப் போலவே தெரியும், மஜ்ஜையும் இயல்பாக இருந்தால் ஐயம் எழவே காரணமிராது. அணுக்களின் அடையாளப் புரதங்களில் சிடி3, சிடி20 இரண்டும் எதிர்மறையாக வந்து சிடி43 மட்டும் நேர்மறையாக இருந்தால், உடனே மைலாய்டு அணுக்களைக் காட்டும் மைலோபெராக்சிடேஸ், லைசோசைம், சிடி117 சாயங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். மைலோபெராக்சிடேஸ் நொதிதான் சில கட்டிகளின் வெட்டுப்பரப்புக்குப் பச்சை நிறம் தருகிறது. காற்றுப்பட்டால் அது மங்கிவிடும். ஆலன் பர்ன்ஸ் என்ற மருத்துவர் 1811இல் இப்படியொரு கட்டியை விவரித்தார். அதற்கும் லுகேமியாவுக்கும் உள்ள உறவை 1893இல் ஜார்ஜ் டாக் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டும்வரை எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எல்லாக் கட்டிகளும் பச்சையாக இருப்பதில்லை என்பதால் நிறத்தை நம்பி முடிவெடுக்க முடியாது.

பதில் (இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற சிறுமியின் தாய்):
சகோதரி, பயாப்சி திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்திட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறினால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள். டானோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் எங்கள் மகளுக்கு முன்கூட்டியே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். முதல் சுற்றுக்குப் பின் ரத்த அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அப்போது காய்ச்சல் வந்தால், இரவு என்றாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஃபிஷ் பரிசோதனை பற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கீமோதெரபி தொடங்குமுன் அதையும் தண்டுவட நீர்ப் பரிசோதனையையும் கேட்டுவிடுகிறோம். அத்தானுக்கும் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டார்.