புதுப்பிப்பு: ஓர்வாலுக்கும் கூஸுக்கும் மதிப்பெண்

பெல்ஜியம் பியர்களுக்கு மதிப்பெண் போட்ட முந்தைய இழையில் வெஸ்ட்மால் ட்ரிப்பலுக்கு 10க்கு 9 கொடுத்துவிட்டு, ஓர்வாலை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். சரி, பார்த்தாயிற்று.

ஓர்வாலில் புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள். மற்ற ஈஸ்ட் தொடாத சர்க்கரையைக்கூட அது மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே பியருக்கு வயதுக்கு ஒரு சுவை. புதுப் புட்டியில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கல், ஆரஞ்சுத் தோல் போன்ற கசப்பு. ஒரு வருடம் தாண்டிய புட்டியில் ஹாப்ஸ் அடங்கி, வைக்கோலும் பதனிட்ட தோலும் கலந்த வாசனை வருகிறது. நாக்கில் இனிப்பே இல்லை. என்ன அருமையான மாற்றம்! புதுசுக்கு 8, பழசுக்கு 9.5. வாங்கும்போது லேபிளில் அடைத்த தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் பிரஸ்ஸல்ஸில் உள்ள கான்டியோன் பியர் ஆலையின் கூஸ் என்ற புளிப்பு பியர். காய்ச்சிய தானியச் சாறு திறந்த தொட்டியில் ஆறும்போது காற்றிலிருந்து வரும் நுண்ணுயிர்களே புளிக்க வைக்கின்றன. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்கை (இப்படிப் புளித்த பியரை) கலந்து அடைக்கிறார்கள். எலுமிச்சைப் புளிப்பு கூர்மையாக இறங்குகிறது. முதல் மடக்கில் யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், மூன்றாவதில்தான் பழ வாசனை தெரியும். 9.

கடைசியாக ரோஷ்ஃபோர் 10 என்ற பியர், ஆல்கஹால் 11.3 சதவீதம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தபின் குடித்தேன். முந்தைய இழையில் கொடுத்த 8.5 அப்படியே இருக்கட்டும்.